அலைபேசிக் கோபுரம் ஓய்ந்தால் கரையும் கடலும் பேசுவது எப்படி? எல்லைக் கடற்கரையும் கம்பியில்லா 'மெஷ்' வலையமைப்பும்

கோட்டுகால் (திருவனந்தபுரம் மாவட்டம்): ஒக்கி புயல் வீசிய 2017-ஆம் ஆண்டு நவம்பர் 30-ஆம் தேதியை விழிஞ்சம் முதல் நீரோடி வரையிலான கடற்கரை இன்னும் மறக்கவில்லை. புயல் உருவாகிவிட்டது என்ற அறிவிப்பு அன்று வெளியானபோது, முந்தைய நாள்களில் புறப்பட்ட படகுகள் அலைபேசிக் கோபுரங்களின் எல்லையைத் தாண்டிச் சென்றிருந்தன. எச்சரிக்கை வெளியிடப்பட்டும் அது செல்ல வேண்டிய இடத்துக்குச் செல்ல வழி இருக்கவில்லை. கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் நூற்றுக்கணக்கான மீனவர்கள் உயிரிழந்தனர் அல்லது காணாமற்போயினர்.

அதன் பின்னர் செயற்கைக்கோள் கருவிகள், அரசு இழைவட இணையம், பொது வைஃபை எனப் பல திட்டங்கள் வந்துள்ளன. ஆயினும் ஒரு கேள்வி எஞ்சியே நிற்கிறது. ஒரு கோபுரம் செயலிழந்தால், ஓர் இழைவடம் அறுந்தால், அதைச் சார்ந்த ஊர் முழுவதும் ஊமையாகிவிடும் அமைப்பிலேயே கடலோரம் தொடர்ந்து இருக்க வேண்டுமா? இக்கேள்விக்குப் பொறியியல் உலகம் நெடுங்காலமாக முன்வைக்கும் விடைகளுள் ஒன்று, 'மெஷ்' எனப்படும் கம்பியில்லாக் கண்ணி வலையமைப்பு.

ஒற்றைப் புள்ளியைச் சார்ந்த கட்டமைப்பு

நெய்யாற்றின்கரை வட்டத்தில், விழிஞ்சத்துக்குத் தெற்கே அமைந்துள்ளது கோட்டுகால் ஊராட்சி. உட்பகுதியில் தென்னந்தோப்புகள் அடர்ந்த மேடுபள்ளமான நிலமும், அடிமலத்துறை போன்ற மீனவக் குடியிருப்புகளைக் கொண்ட கடற்கரையும் ஒரே ஊராட்சிக்குள் உள்ளன. இங்கிருந்து தெற்கே பூவார், பொழியூர் ஆகிய ஊர்களைக் கடந்தால் தமிழகத்தின் நீரோடி வந்துவிடும். கிழக்கே பாறசாலை வழியாகக் களியக்காவிளை. மாநில எல்லை இரண்டாகப் பிரித்தாலும் கடலும் காற்றும் ஆபத்தும் இப்பகுதிக்குப் பொதுவானவை.

அலைபேசிச் சேவையின் கட்டமைப்பு பெரும்பாலும் நட்சத்திர வடிவிலானது. ஒரு வட்டாரத்தின் கைபேசிகள் அனைத்தும் நடுவில் உள்ள கோபுரத்துடன் மட்டுமே பேசுகின்றன. அருகருகே நிற்கும் இருவர் பேசினாலும் அழைப்பு கோபுரத்துக்குச் சென்றே திரும்ப வேண்டும். மின்சாரம் நின்று, மின்கலமும் தீர்ந்து, டீசல் கொண்டுசெல்லும் சாலையும் துண்டிக்கப்பட்டால் கோபுரம் அமைதியாகிவிடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தின்போது கேரளத்தின் பல பகுதிகள் இந்த நிலையைச் சந்தித்தன.

இழைவட இணையத்திலும் இதே பலவீனம் இருந்தது. ஊராட்சிகளை ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரிசையில் இணைத்ததால், இடையில் ஓரிடத்தில் வடம் அறுந்தால் அதற்கு அப்பாலுள்ள ஊர்கள் அனைத்தும் இணைப்பை இழந்தன. மத்திய அமைச்சரவை 2023 ஆகஸ்டில் ரூ.1,39,579 கோடி மதிப்பில் ஒப்புதல் அளித்த திருத்தப்பட்ட பாரத்நெட் திட்டம், ஊராட்சி இணைப்புகளை வளைய வடிவுக்கு மாற்ற முடிவு செய்ததற்கு இதுவே முக்கியக் காரணம். வளையத்தில் ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் வழியாகத் தகவல் செல்லும். இந்த எண்ணத்தை மேலும் ஒரு படி விரித்தால் கிடைப்பது கண்ணி வலையமைப்பு.

கண்ணி வலையமைப்பு எவ்வாறு இயங்குகிறது?

மீன்வலையின் ஒரு கண்ணி அறுந்தாலும் வலை முழுவதும் பிரிந்துவிடுவதில்லை. இழுவிசையைச் சுற்றியுள்ள முடிச்சுகள் பகிர்ந்துகொள்கின்றன. மெஷ் அமைப்பில் ஒவ்வொரு ரேடியோக் கருவியும் அத்தகைய ஒரு முடிச்சு. அது தன் பயனாளருக்குச் சேவை தருவதுடன், அடுத்தவரின் தகவலையும் வாங்கி முன்னே அனுப்புகிறது. தகவல் ஒரு முடிச்சிலிருந்து அடுத்ததற்குச் செல்வதை ஒரு 'தாவல்' என்பர். இணையத்துடன் நேரடித் தொடர்புடைய முடிச்சு, நுழைவாயில்.

ஒவ்வொரு முடிச்சும் மற்ற எல்லா முடிச்சுகளுடனும் நேரடியாக இணைவது முழு மெஷ். பத்து முடிச்சுகளுக்கே 45 இணைப்புகள் வேண்டும் என்பதால் அது நடைமுறைக்கு ஒத்துவராது. ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று அண்டை முடிச்சுகள் இருக்கும் பகுதி மெஷ் அமைப்பே பெரும்பாலும் நிறுவப்படுகிறது.

எந்த வழியில் தகவலை அனுப்புவது என்பதை மையக் கட்டுப்பாட்டு அறை தீர்மானிப்பதில்லை. முடிச்சுகள் குறுகிய இடைவெளிகளில் தம் இருப்பை அறிவித்துக்கொண்டே இருக்கின்றன. அந்த அறிவிப்புகளைக் கொண்டு, எந்தப் பாதை இப்போது சிறந்தது என ஒவ்வொன்றும் தானே கணித்துக்கொள்கிறது. இதற்கான விதித்தொகுப்புகளான ஏஓடிவி, ஓஎல்எஸ்ஆர் ஆகியவை 2003-இல் சோதனை நிலை ஆவணங்களாக வெளியாயின. ஜெர்மனியின் 'ஃப்ரைஃபுங்க்' தன்னார்வலர்கள் உருவாக்கிய 'பேட்மேன்' விதித்தொகுப்பு 2011-இல் லினக்ஸ் இயங்குதளத்தின் கருவிலேயே இடம்பெற்றது. அதே ஆண்டில் வைஃபைக்கான மெஷ் தரநிலையான 802.11எஸ் ஏற்கப்பட்டது. எனவே தொழில்நுட்பம் புதிதும் அல்ல. தனியொரு நிறுவனத்தின் உடைமையும் அல்ல.

தாவல்களுக்கு ஒரு விலை உண்டு

இந்த அமைப்பின் குறைகளையும் தெளிவாகக் காண வேண்டும். ஒரே ரேடியோவும் ஒரே அலைவரிசையும் கொண்ட முடிச்சு, கேட்பதையும் பேசுவதையும் ஒரே நேரத்தில் செய்ய இயலாது. எனவே இரண்டாவது தாவலில் வேகம் ஏறக்குறைய பாதியாகவும், மூன்றாவதில் மூன்றில் ஒரு பங்காகவும் குறைகிறது. முடிச்சுகள் பெருகும்போது ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு சுருங்கும் என்பதை, சென்னை ஐஐடியில் பயின்ற பி.ஆர்.குமாரும் பியூஷ் குப்தாவும் 2000-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு கணிதவழி நிறுவியது.

இதனால் நன்றாக இயங்கும் மெஷ் அமைப்புகள் பெரும்பாலும் இரண்டு அடுக்குகளாகக் கட்டப்படுகின்றன. உயரமான கட்டடங்களில் திசை ஆண்டெனாக்களைப் பொருத்தி, அவற்றுக்கிடையே தனி அலைவரிசையில் இயங்கும் முதுகெலும்பு இணைப்பு ஓர் அடுக்கு. அங்கிருந்து தெருக்களுக்கும் வீடுகளுக்கும் செல்லும் இணைப்பு மற்றோர் அடுக்கு. நுழைவாயில்களை அதிகப்படுத்தி, எந்தத் தகவலும் இரண்டு மூன்று தாவல்களுக்குள் இழைவடத்தை அடையுமாறு செய்வதே வடிவமைப்பின் முக்கிய விதி. முதுகெலும்பே இல்லாமல் நூறு ரவுட்டர்களைத் தெருவெங்கும் பரப்பினால், வரைபடத்தில் மட்டுமே அது வலையமைப்பாக இருக்கும்.

தேனியும் தர்மசாலாவும் கற்பித்தவை

இந்தியாவில் இத்தகைய முயற்சிகள் இருபது ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டன. வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு 2005 ஜனவரியில் உரிமத் தேவை நீக்கப்பட்டது. அதையடுத்து இமாசலப் பிரதேசத்தின் தர்மசாலாவில் சமூக மெஷ் வலையமைப்பு உருவானது. மலைச்சரிவுகளில் சூரிய மின்சாரத்தில் இயங்கும் முடிச்சுகள் நிறுவப்பட்டன. பின்னர் 'ஏர்ஜல்தி' என்ற பெயரில் வளர்ந்த அந்த முயற்சி, மழை, மின்னல், ஆண்டெனாக்களில் தொங்கும் குரங்குகள் ஆகியவற்றையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது.

தமிழகத்தில் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைக் கிராமப்புறக் கண் பரிசோதனை மையங்களுடன் இணைக்க, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் நெடுந்தொலைவு வைஃபை இணைப்புகளை அமைத்தனர். கிராமத்தில் இருக்கும் நோயாளியை நகரில் இருக்கும் மருத்துவர் காணொளி வழியே பரிசோதிக்க இது உதவியது. சில நூறு மீட்டர்களுக்கென உருவான வைஃபை, பல கிலோமீட்டர் தொலைவில் திணறியதை அவர்கள் கண்டறிந்தனர். ஒளியின் வேகத்தில் செல்லும் அலைக்கு ஒரு கிலோமீட்டரைக் கடக்க 3.3 மைக்ரோ விநாடி ஆகும். 'தகவல் வந்து சேர்ந்தது' என்ற ஒப்புதல் திரும்புவதற்குள் பொறுமையிழக்கும் கருவி, அதே தகவலை மீண்டும் அனுப்பிக்கொண்டே இருந்தது. இதைச் சரிசெய்யும் வகையில் மாற்றியமைத்த விதித்தொகுப்பு, தகவல் பாய்வை இரண்டு முதல் ஐந்து மடங்கு உயர்த்தியதாக 2007-இல் ஆய்வறிக்கை வெளியானது.

ஓராண்டு கழித்து, தேனி, தர்மசாலா அனுபவங்களை முன்வைத்து வெளியான மற்றோர் ஆய்வு கொள்கை வகுப்போருக்கு இன்னும் முக்கியமானது. கிராமப்புற வலையமைப்புகள் நிற்பதற்கு முதன்மைக் காரணம் ரேடியோ அல்ல, தரமற்ற மின்சாரம். மின்னழுத்தம் திடீரென உயர்வதும் தாழ்வதும் கருவிகளைப் பழுதாக்கின. பழுதைக் கண்டறியப் பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பணியாளர் இல்லாத இடங்களில் சிறு கோளாறும் நீண்ட முடக்கமாக மாறியது. நிறுவும் செலவை மட்டும் ஒதுக்கி, பராமரிப்பை மறந்த திட்டங்கள் தோற்பதன் காரணம் இதுவே.

கடலில் நீளும் கண்ணி

கோட்டுகால் கடற்கரைக்கு மிக அருகில் நடந்த முயற்சி கொல்லம் மாவட்டத்தின் அமிர்தபுரியில் உள்ள அமிர்த விஸ்வ வித்யாபீடத்தினுடையது. 'ஓஷன்நெட்' எனப் பெயரிடப்பட்ட இத்திட்டத்தில், கரையின் உயரமான இடத்தில் அடிப்படை நிலையமும், படகுகளில் நெடுந்தொலைவு வைஃபை கருவிகளும் பொருத்தப்பட்டன. கரையின் நேரடி எல்லைக்குள் இருக்கும் படகு, அதற்கு அப்பால் இருக்கும் படகுக்கு இடைநிலையாகச் செயல்படும். அரபிக்கடலில் நடந்த சோதனைகளில் நாற்பது கிலோமீட்டருக்கும் மேலான தொலைவுக்கு இணைப்பு கிடைத்தது.

இந்தத் தொலைவு தற்செயலானது அன்று. பூமியின் வளைவு ரேடியோவுக்கு ஓர் அடிவானத்தை விதிக்கிறது. கரையில் 50 மீட்டர் உயரத்திலும் படகில் 9 மீட்டர் உயரத்திலும் ஆண்டெனா இருந்தால் அடிவானம் ஏறக்குறைய 41 கிலோமீட்டர். இரண்டு படகுகளிலும் 4 மீட்டர் கம்பம் இருந்தால் அவற்றுக்கிடையே சுமார் 16 கிலோமீட்டர். ஆக, படகுகள் கூட்டமாகத் தொழில் செய்யும் பகுதியில் ஒன்றன் தோளில் மற்றொன்று ஏறி நிற்பதுபோல் இணைப்பை நீட்ட முடியும். ஆனால் அலையில் படகு ஆடும்போது ஆண்டெனாவின் திசை மாறும். இடையில் ஒரு படகு கரை திரும்பினால் சங்கிலி அறுபடும். அடிமலத்துறை போன்ற ஊர்களிலிருந்து செல்லும் சிறு வள்ளங்களில் நான்கு மீட்டர் கம்பம் நடுவதே எளிதன்று.

எனவே கண்ணி வலையமைப்பின் உண்மையான களம் அண்மைக் கடல். தூத்தூர், வள்ளவிளை பகுதிகளின் ஆழ்கடல் படகுகள் நாள்கணக்கில் பயணம் செய்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அப்பால் தொழில் செய்கின்றன. அங்கே செயற்கைக்கோளைத் தவிர வேறு வழியில்லை.

செயற்கைக்கோள் வழியில் அரசு

ஒக்கிக்குப் பின் அரசு எடுத்த நடவடிக்கைகள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வழியில் அமைந்தன. 2019 அக்டோபரில் அறிமுகமான 'ஜெமினி' கருவி, வானிலை எச்சரிக்கையையும் மீன்வள இருப்பிடத் தகவலையும் செயற்கைக்கோள் வழியே படகுக்குத் தந்தது. ஆனால் அது ஒருவழிக் கருவி. ஆபத்தில் இருப்பவர் பதில் அனுப்ப இயலாது. இக்குறையைப் போக்க இஸ்ரோ உருவாக்கிய இருவழிக் குறுஞ்செய்திக் கருவியை ஒரு லட்சம் படகுகளில் இலவசமாகப் பொருத்தும் ரூ.364 கோடித் திட்டத்தைப் பிரதமர் நரேந்திர மோடி 2024 ஆகஸ்ட் 30 அன்று மகாராஷ்டிரத்தின் பால்கரில் தொடங்கிவைத்தார்.

எச்சரிக்கைக்கும் உயிர்காப்புக்கும் இது மிகப் பெரிய முன்னேற்றம். எனினும் குறுஞ்செய்திக் கருவி உரையாடலுக்கும் படங்களுக்குமான இணையத்துக்கு மாற்றாகாது. மேலும், கரையிலுள்ள குடும்பங்களின் தொடர்பு அறுபடும் சிக்கலை அது தொடுவதில்லை. புயல் நாளில் கடலில் இருப்பவருக்குக் கரையும், கரையில் இருப்பவருக்கு மருத்துவமனையும் நிவாரண முகாமும் எட்ட வேண்டும்.

2025 மே மாதம் இதன் தேவையை மீண்டும் உணர்த்தியது. விழிஞ்சம் துறைமுகம் மே 2 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அங்கிருந்து கொச்சி நோக்கிச் சென்ற 'எம்எஸ்சி எல்சா 3' சரக்குக் கப்பல் அம்மாதம் 25-ஆம் தேதி மூழ்கியது. 640 கன்டெய்னர்களுடன் சென்ற அக்கப்பலிலிருந்து பிரிந்த பெட்டிகளும் பிளாஸ்டிக் துகள்களும் தென்கேரளக் கரைகளில் ஒதுங்கின. எதைத் தொடக்கூடாது, எங்கே வலை வீசக்கூடாது என்ற தகவல் சிறு படகுகளுக்கு உடனுக்குடன் தேவைப்பட்டது. பெருங்கப்பல்களின் பாதையருகே தொழில் செய்யும் ஊர்களுக்கு இது இனி அன்றாடத் தேவை.

இழைவடம் இருக்கிறது, இறுதிக் கண்ணி?

கரைப்பகுதியில் மெஷ் அமைப்பதற்கான முதற்பொருள் கேரளத்தில் ஏற்கெனவே உள்ளது. மாநில மின்வாரியத்தின் கட்டமைப்பைப் பயன்படுத்தி உருவான 'கே-ஃபோன்' இழைவட வலையமைப்பை முதல்வர் பினராயி விஜயன் 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைத்தார். சுமார் 30,000 அரசு அலுவலகங்களை இணைப்பதும் வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணையம் தருவதும் அதன் அறிவிக்கப்பட்ட இலக்குகள். எல்லைக்கு இப்பால், தமிழகத்தின் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பணி டான்ஃபிநெட் நிறுவனத்திடம் உள்ளது.

கோட்டுகால் போன்ற ஓர் ஊராட்சியில் இவ்வாறு நினைத்துப் பார்க்கலாம்: இழைவடம் வந்தடையும் ஊராட்சி அலுவலகம், பள்ளி, ஆரம்ப சுகாதார நிலையம் ஆகியவை நுழைவாயில்கள். உயரமான நீர்த்தேக்கத் தொட்டிகளும் தேவாலயக் கோபுரங்களும் முதுகெலும்பு முடிச்சுகளுக்கு ஏற்ற இடங்கள். ஈரம் நிறைந்த தென்னை ஓலைகள் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் அலைகளை உறிஞ்சுவதால், ஆண்டெனாக்கள் மர உச்சிக்கு மேலே நிற்க வேண்டும். ஒவ்வொரு முடிச்சுக்கும் சூரியத் தகடும் இரண்டு மூன்று நாள் தாங்கும் மின்கலமும் தேவை. உப்புக்காற்று இணைப்பு முனைகளை அரிக்கும் என்பதால் பராமரிப்புச் செலவு உள்நாட்டு ஊர்களைவிடக் கூடுதலாகும்.

இழைவடமே அறுந்த நாளிலும் இவ்வமைப்பு ஊருக்குள் இயங்கும். சுகாதார நிலையமும் முகாமும் மீன் இறங்குதளமும் தமக்குள் பேசிக்கொள்ளலாம். வெளியுலகுக்கான ஒரே ஒரு செயற்கைக்கோள் இணைப்பை ஊர் முழுவதும் பகிர்ந்துகொள்ளலாம். 2012 அக்டோபரில் சாண்டி புயல் நியூயார்க்கைத் தாக்கியபோது, ரெட் ஹூக் பகுதியின் சிறிய சமூக மெஷ் அமைப்பு இவ்வாறே உதவியது. பேரிடர் முகமை தந்த செயற்கைக்கோள் இணைப்பு அந்த வலையமைப்பின் வழியே குடியிருப்போருக்குக் கிடைத்தது. ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2004-இல் தொடங்கிய 'குய்ஃபி' வலையமைப்பு முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட முடிச்சுகளாக வளர்ந்ததற்கும், கட்டமைப்பை ஊர்ப் பொதுச் சொத்தாகக் கருதிச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் விதிகளே அடிப்படை.

சட்டம் திறந்த கதவு

உரிமச் சிக்கல் முன்பிருந்த அளவுக்கு இல்லை. 2018 அக்டோபரில் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதிக்கும் உரிமத் தேவை நீக்கப்பட்டது. 2020 டிசம்பரில் அமைச்சரவை ஒப்புதல் பெற்ற பிஎம்-வாணி திட்டத்தின்கீழ், ஒரு தேநீர்க் கடையோ மீனவர் சங்கமோ தனி உரிமமின்றிப் பொது வைஃபை சேவை வழங்கலாம். இத்தகைய சிறு சேவையாளர்களிடம் இணைய நிறுவனங்கள் வசூலிக்கும் கட்டணம், அதே வேகமுள்ள வீட்டு இணைப்புக் கட்டணத்தைப்போல் இரு மடங்கைத் தாண்டக்கூடாது என ட்ராய் 2025 ஜூனில் வரம்பு விதித்தது.

உரிமை அடிப்படையிலும் வாதம் வலுவாக உள்ளது. இணையத்தை அணுகுவது கல்வி உரிமையின் பகுதி எனக் கேரள உயர்நீதிமன்றம் 2019 செப்டம்பரில் ஃபஹீமா ஷிரின் வழக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் பொறுப்பும் உடன்வருகிறது. பிறர் தகவலைச் சுமக்கும் அமைப்பில் மறையாக்கம் இல்லையெனில் அந்தரங்கம் காக்கப்படாது. பயனாளரை அடையாளம் காணும் விதிகளையும் பின்பற்றியாக வேண்டும்.

யார் பொறுப்பு?

ஆக, தொழில்நுட்பமும் சட்டமும் இழைவடமும் தயாராக உள்ளன. இல்லாதது பொறுப்பேற்கும் அமைப்பு. நுழைவாயில் மாநில நிறுவனத்தினுடையது, தொட்டி குடிநீர் ஆணையத்தினுடையது, மின்கம்பம் மின்வாரியத்தினுடையது, கடற்கரை மீன்வளத் துறையினுடையது என்ற நிலையில், மின்கலத்தை மூன்றாண்டுக்கு ஒருமுறை மாற்றும் கடமை எவருக்கும் உரியதாவதில்லை. தேனி தந்த பாடம் இங்கேதான் பொருந்துகிறது. ஊராட்சியின் பேரிடர் நிதியில் பராமரிப்புக்குத் தனித் தலைப்பும், உள்ளூர் இளைஞர்கள் சிலருக்கு முறையான பயிற்சியும் இல்லாமல் எந்த முடிச்சும் இரண்டு பருவமழையைத் தாங்காது.

ஒவ்வோர் ஆண்டும் ஜூன், ஜூலை மாதங்களில் கேரளத்தில் 52 நாள் விசைப்படகுத் தடைக்காலம் வருகிறது. பெரிய படகுகள் கரையில் நிற்க, பாரம்பரிய வள்ளங்களுக்கு மட்டும் கடல் திறந்திருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மிகக் கடுமையாக வீசும் அந்நாள்களில், மிகக் குறைந்த தொடர்பு வசதி கொண்ட படகுகளே அலைமேல் இருக்கின்றன. அவை கரையிலிருந்து வெகுதொலைவு செல்வதுமில்லை. கண்ணி வலையமைப்பு எட்டக்கூடிய எல்லைக்குள்தான் அவை தொழில் செய்கின்றன.